முதல் நாவலும் அதன் உருமாற்றமும்: அச்செபேயின் ‘சிதைவுகள்’ பற்றிய சில சிந்தனைகள்

நாவலொன்று எவ்வாறு உருவாகின்றது என்னும் வினாவிற்கு எம்மிடையே இருவகையான விடைகள் வழங்கி வந்துள்ளன. பாத்திரங்கள் ஆசிரியரின் பிடியினின்றும் விடுபட்டுத் தம்போக்கிற் செல்கின்றன என்பது ஒன்று. ஆசிரியரின் உலகநோக்கே யாவற்றையும் நிர்ணயிக்கின்றது, எழுதுதல் என்பது முன்னரே வகுத்த திட்டத்தை நிறைவேற்றும் தொழிலேயன்றி வேறன்று என்பது மற்றையது. முன்னது அகத்தூண்டற் கொள்கையின் எச்சம். பின்னது முற்போக்கு விமர்சனத்தின் பெயரால் நாமே பல வேளைகளிற் கையாண்ட குறுக்குவழி. எழுதுதல் ஓர் உழைப்பு என்பதையும், அவ்வுழைப்பின்போது கதைமாந்தரும் கதைப்பின்னலும் மாறுவதற்குத் திட்டவட்டமான காரணங்கள் உள என்பதையும் இரண்டுமே காணத் தவறுகின்றன.

இப்பிரச்சினையை ஆராய்வதற்கு முதல் நாவல்களே மிகப் பொருத்தமானவை. முதல் நாவலை எழுதுபவர் தாம் அறிந்த அனைத்தையும் அதனுள் அடக்கிவிட முனைவார். அவ்வுருவம் எவ்வளவைத் தாங்கும் என்பதை எழுதியே அவர் அறியவேண்டியுள்ளது. இவ்வகையில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் (1930 - 2013) முதல் நாவலை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஈழத்தவரான என். கே. மகாலிங்கம் இதனைச் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழாக்கியுள்ளமையால் எமது வாசகர்க்கு இது அந்நியமானதன்று.

இபடான் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்ற காலத்தில் ஜோய்ஸ் கேரியின் ‘மிஸ்ரர் ஜோன்சன்’ (1939) என்னும் நாவல் அச்செபேக்கும் சக மாணவர்க்கும் ஏற்படுத்திய சினம் நன்கறியப்பட்டது. தம் மக்களின் கதையை அந்நியர் கூறும்போது அது எவ்வாறு திரிபடைகின்றது என்பதை உணர்ந்தமையே அவரை எழுதத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆயின், அவர் முதலில் எழுதியது நாம் இன்று படிக்கும் நாவலன்று. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையினரின் வாழ்வை ஒரே நூலில் அடக்குவதே அவரது தொடக்கத் திட்டமாயிருந்தது. ஒரு சமுதாயம் குடியேற்றவாதத்தை எதிர்கொண்டது முதல் விடுதலையின் வாயிலை அடையும் வரையிலான வரலாறு முழுவதையும் கூறிவிடும் பேரவா அது.

1956 இல் வானொலிப் பயிற்சிக்காக இலண்டன் சென்ற அச்செபே, பி.பி.சி. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராகவிருந்த நாவலாசிரியர் கில்பேட் பெல்ப்ஸிடம் தமது கையெழுத்துப் பிரதியைக் காட்டினார். அவர் அதனைப் பதிப்பகத்தார்க்கு அனுப்ப விரும்பியபோதும் அச்செபே உடன்படவில்லை. நூல் இன்னும் செம்மையுற வேண்டும் என்றார். நாடு திரும்பியபின் இரண்டாம் மூன்றாம் தலைமுறையினரை நீக்கி, ஒக்கொன்கோ என்ற முதற் றலைமுறையினனின் கதையை மட்டும் விரித்தெழுதினார். இவ்விவரங்கள் ஆசிரியர் பின்னாளில் தந்த கூற்றுக்களால் அறியப்படுவன. நூலின் அமைப்பு அவற்றிற்குச் சான்று பகர்கின்றது.

அச்சான்று யாது? நூலின் இருபத்தைந்து அத்தியாயங்களுள் முதற் பகுதிக்கு மட்டும் பதின்மூன்று ஒதுக்கப்பட்டுள்ளன. உமுவோபியா ஊரின் விவசாயம், திருமணம், வழக்கு விசாரணை, வழிபாடு ஆகியவையே அங்கு கதை. வெள்ளையரின் வருகை அப்பகுதியின் எல்லைக்கு அப்பாலே நிகழ்கின்றது. மூன்று தலைமுறைகளை ஓட்டமாகக் கூறும் நூலில் இவ்வாழ்வு ஒரு முன்னுரையாகச் சுருங்கியிருக்கும். பின்னவர் நீக்கப்பட்டமையாலேயே, அச்சமுதாயம் தன்னளவில் முழுமையானதும் முரண்பாடுகள் நிறைந்ததுமான ஒன்றாக எம்முன் நிற்கின்றது. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிதல், ஓசு எனப்படுவோரை ஒதுக்கிவைத்தல், பணயமாக வந்து மகன்போல் வளர்ந்த இக்கெமெபுனாவைக் கொல்லுதல் ஆகியவற்றை ஆசிரியர் மறைக்கவில்லை. புதிய மதம் நுழைந்த வழி இவ்விரிசல்களே என்பதைப் படிப்படியாகக் காட்டுவதற்கு அவருக்கு இடம் கிடைத்தது.

பாத்திர வார்ப்பிலும் இம்மாற்றம் ஆழமானது. பரம்பரைக் கதையொன்றில் ஒக்கொன்கோ மூதாதையாக மட்டுமே இருந்திருப்பான். அவனது மரணம் மகனின் கதைக்கு இட்டுச்செல்லும் ஒரு சம்பவமாகவே அமைந்திருக்கும். தனித்து நிற்கும் இந்நாவலிலோ, தந்தையின் பலவீனத்திற்கு அஞ்சி வாழ்ந்தவன் தந்தையைப் போன்றே உரிய அடக்கமின்றி மடிவது அவலமாக உயர்கின்றது. அவனது வாழ்வைத் தன் நூலில் ஒரு பந்தியாக்க எண்ணும் மாவட்ட ஆணையாளரின் சிந்தனையுடன் கதை முடிகின்றது. கதை அதற்கப்பாற் செல்லாமையே அம்முடிவின் வலிமை.

எனினும், நீக்கப்பட்டவை சுவடின்றி மறைந்துவிடவில்லை. மூன்றாம் தலைமுறையினனான ஒபி, 1960 இல் வெளிவந்த ‘நோ லோங்கர் அற் ஈஸ்’ என்னும் இரண்டாவது நாவலின் தலைவனானான். இடைத்தலைமுறையினனான நுவோயேக்குத் தனிநாவல் கிட்டவேயில்லை. இதனையே நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். முதல் நாவலில் இக்கெமெபுனாவின் கொலையால் உள்ளம் நைந்து புதிய மதத்தை நாடிச் செல்லும் இளைஞன், இரண்டாவதில் ஐசாக் என்னும் முதிய உபதேசியாராகத் தோன்றுகிறான். அவனே, தன் மகன் மணக்க விரும்பும் பெண் ஓசு குலத்தினள் என்பதற்காக அத்திருமணத்தை எதிர்க்கின்றான். தந்தையை விட்டு நீங்கியதையும் தந்தை இட்ட சாபத்தையும் மகனிடம் அவன் கூறும் ஓரிரவு உரையாடலில், எழுதப்படாத அந்நாவல் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கின்றது.

அச்செபேயின் தந்தையும் திருச்சபையின் உபதேசியாராக விளங்கியவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மிசன் பாடசாலைகளையும் எழுதுவினைஞர்களையும் தோற்றுவித்த தலைமுறை அது. ஆசிரியரை உருவாக்கிய வீடும் அதுவே. முதல் நாவல் ஆசிரியரின் சுயசரிதைச் சாயலுடையது என்பது பொதுவான கருத்து. இங்கோ தமக்கு மிக நெருங்கிய பகுதியையே அவர் விலக்கினார். கதைப்பின்னல் இறுக்கமடைந்தது, ஆனால் அடக்கப்பட்டவருக்கும் ஆள்வோருக்கும் நடுவே நின்ற ஒரு வர்க்கத்தின் அகவரலாறு முழுமையாக எழுதப்படாது போயிற்று. ஈட்டத்தைப் பாராட்டும் நாம் இவ்விழப்பையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

உருமாற்றத்திற்குப் புறநிலைமைகளும் உண்டு. திருத்திய ஒரேயொரு கையெழுத்துப் பிரதியை, தட்டச்சுக்குரிய இருபத்திரண்டு பவுணுடன், இலண்டனிலிருந்த ஒரு தட்டச்சு நிலையத்திற்கு அச்செபே அனுப்பினார். மாதங்கள் பல கழிந்தும் பதில் இல்லை. வானொலியில் அவருடன் பணியாற்றிய ஆங்கிலப் பெண்மணியொருவர் நேரிற் சென்று கேட்டபின்னரே பிரதி மீண்டது. 1958 யூன் 17 இல் ஹைனமன் நிறுவனம் ஈராயிரம் பிரதிகளுடன் நூலை வெளியிட்டது. 1962 இல் அந்நிறுவனத்தின் ஆபிரிக்க எழுத்தாளர் வரிசையின் முதல் நூலாகவும் அது அமைந்தது. தம் மக்களின் கதையைத் தாமே கூற முற்பட்டவர், அதனை அச்சிடுவதற்கு ஆட்சியாளரின் தலைநகரையே நம்பியிருக்க வேண்டியிருந்தது என்ற முரண் சிறிதன்று.

இதுகாறும் நோக்கியவற்றால் ஓருண்மை பெறப்படும். ஒக்கொன்கோ தானாக எழுந்து ஏனையோரைத் தள்ளிவிடவில்லை. தொடக்கத் திட்டமும் அவனை அவ்வாறு வகுக்கவில்லை. வரலாற்றின் விரிவுக்கும் நாவலின் உருவத்திற்குமிடையே எழுந்த முரண்பாட்டைக் கண்டுணர்ந்து, வெளியிட வாய்ப்புக் கிட்டிய வேளையிலும் அதனை ஒத்திவைத்து, ஆசிரியர் செய்த தெரிவே அவனை உருவாக்கியது. உள்ளடக்கமா உருவமா என 1960களிலும் 1970களிலும் எம்மிடையே நிகழ்ந்த விவாதங்களில், திருத்தியெழுதுதல் என்னும் இவ்வுழைப்புப் போதிய கவனம் பெறவில்லை. ஆசிரியர் எதனைச் சொல்ல விரும்பினார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிட்டோம். எதனை எழுதினார், எதனை நீக்கினார், நீக்கியது வேறெங்கு தலைகாட்டுகின்றது என்று கேட்கும்போதுதான் உலகநோக்கு படைப்பாக மாறும் இடம் எமக்குப் புலனாகும். தமது முதல் நாவலுடன் மல்லாடும் எமது இளம் எழுத்தாளர்க்கும் அவ்விமர்சனமே பயன்தரும்.