சேகரிப்பும் சான்றிதழும்: குமாரசுவாமியைக் கிள்ளானிலிருந்து வாசித்தல்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இலக்கியக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது இளைய நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. "கலை வரலாறு படிச்சிட்டு லண்டன், அமெரிக்கா மியூசியத்துல வேலைக்குப் போகலாமா?" உடனே யாராவது ஆனந்த குமாரசுவாமியின் பெயரைச் சொல்வார்கள். கொழும்பில் பிறந்த தமிழர் மகன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 30 ஆண்டுகள் இருந்தாரே, நம்மால் முடியாதா என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் ஊரும்தான் என்பதால், இங்கே அந்தப் பெயருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை.

அந்த உதாரணத்தை நான் ஏற்கவில்லை. 1877இல் பிறந்த குமாரசுவாமி படித்தது தாவரவியலும் புவியியலும். இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறையை நடத்தியவர். லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர். கலை வரலாற்றுச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. ராஜபுத்திர ஓவியங்கள் உள்ளிட்ட பெரிய சேகரிப்பு ஒன்று இருந்தது. அதை வைத்து இந்தியாவில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க அவர் எடுத்த முயற்சி கைகூடவில்லை. டென்மன் ராஸ் என்ற செல்வந்தர் அந்தச் சேகரிப்பை வாங்கிப் பாஸ்டனுக்குக் கொடுத்தார். 1917இல் அதன் காப்பாளராகக் குமாரசுவாமியும் அங்கே போனார். அதாவது, கதவைத் திறந்தது பொருள். அதைப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்கும் இடம் கிடைத்தது.

1943இல் நூலாக வந்த 'கலைப்படைப்புகளை ஏன் காட்சிப்படுத்த வேண்டும்?' என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். பொருள்கள் ரசிப்பதற்காக அல்ல, பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பயனைப் புரியவைப்பதே அருங்காட்சியகத்தின் வேலை, பார்வையாளரை மகிழ்விப்பது அல்ல என்கிறார். இன்றைக்கும் இது கூர்மையான வாதம். ஆனால் அவருடைய அழுத்தமெல்லாம் 'எதற்காகச் செய்தார்கள்' என்பதில் இருக்கிறது. 'இங்கே எப்படி வந்தது' என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. இன்று அருங்காட்சியகத் தொழிலையே ஆட்டிப்பார்ப்பது அந்தக் கேள்விதான்.

2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜர், 2014இல் இந்தியாவுக்குத் திரும்பினார். இப்படிப்பட்ட வழக்குகளில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த பழைய புகைப்படங்கள் சாட்சியாக நின்றன. அதற்கு முன்பு, லண்டனில் நடந்த பத்தூர் நடராஜர் வழக்கில் நிபுணராகச் சாட்சி சொன்னவர் இரா. நாகசாமி. 1991இல் அந்தச் சிலை தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்காத ஒருவரின் சொல்லுக்கு லண்டன் நீதிமன்றத்தில் எடை இருந்தது. சம்ஸ்கிருதம், கல்வெட்டு, ஆகமம், செப்புத்திருமேனி என்று அவர் படித்துவைத்திருந்த படிப்பின் எடை அது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? ஆனைமங்கலச் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரர்கள் காலத்தில் நெதர்லாந்துக்குப் போய் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றவை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஊர் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 5 சம்ஸ்கிருதம், 16 தமிழ். வம்சப் பெருமை சம்ஸ்கிருதத்தில். நில எல்லை, வரிவிலக்கு, கையெழுத்திட்ட அதிகாரிகள் எல்லாம் தமிழில். கடாரம் என்பதை நம் கெடா என்றே பலரும் கொள்கிறார்கள். தமிழும் மலாயும் தெரிந்த ஒரு மலேசியப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எது? ஆனால் நவீனத் தமிழ் தெரிந்தால் மட்டும் அந்த 16 ஏடுகளைப் படித்துவிட முடியாது.

அதனால்தான் திட்டத்தை லண்டனிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். குமாரசுவாமி காலம் போல இல்லை. இன்று காப்பாளர் பணிக்கு முதுகலை, பல இடங்களில் முனைவர் பட்டம், அதற்கு மேல் பயிற்சி அனுபவமும் கேட்கிறார்கள். சோவாஸ் போன்ற இடங்களில் ஆசியக் கலை படிக்கலாம், நல்லதுதான். ஆனால் சிலையின் காலத்தைப் பாணியை வைத்துச் சொல்லும் பயிற்சி அங்கே எல்லோருக்கும் கிடைக்கும். பீடத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் பயிற்சியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தை 'எதுக்கு அது, மார்க் கொறையும்' என்று விடாமல் எடுப்பது அதன் முதல் படி. பிறகு கல்வெட்டுத் தமிழ், கிரந்த எழுத்து, கொஞ்சம் சம்ஸ்கிருதம். நம் வட்டார ஆவணங்கள் டச்சு மொழியில் நிறைய கிடப்பதால் அதையும் சேர்க்கலாம். மலாய் நமக்கு ஏற்கனவே இருக்கிறது. அதை ஒரு தகுதியாக நாம் எண்ணுவதே இல்லை.

இன்னொன்று, பயிற்சிக்கு விசா தேவையில்லை. இங்கே கும்பாபிஷேகம் என்றால் பழைய விளக்கு, கதவு, சுதைச் சிற்பம் எல்லாம் போய்ப் புதுசு வந்துவிடுகிறது. அந்த விளக்கில் உபயகாரர் பெயரும், தோட்டத்தின் பெயரும், சில சமயம் ஆண்டும் பொறித்திருக்கும். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஒரு விளக்கை அளந்து, படமெடுத்து, எழுத்தைப் படியெடுத்து, யார் கொடுத்தது, எங்கே இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். குமாரசுவாமி கேட்ட கேள்வியும் அவர் அழுத்தாத கேள்வியும் அந்த ஒரு பக்கத்தில் சேர்ந்து வரும். அப்படி 20 பக்கம் கையில் இருக்கிற ஒருவர் விண்ணப்பிக்கும்போது, தேர்வுக்குழு வெறும் மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காது. வேலை கிடைக்கவில்லை என்றாலும், அடுத்த கும்பாபிஷேகத்தில் காணாமல் போகும் விளக்குக்கு ஒரு சாட்சி இருக்கும்.