கசங்கிய கோட்டுக்காரர்

துப்பறியும் கதைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. கொலையாளி யார் என்று இருநூறு பக்கம் மறைத்து வைத்துவிட்டுக் கடைசி நாலு பக்கத்தில் அவிழ்த்து விடுகிற வித்தையில் மனிதர்களுக்கு இடமில்லை. எல்லோருமே சந்தேகத்துக்கு உரியவர்களாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒருவரும் முழு மனிதராக வளர முடிவதில்லை. அப்படி நினைக்கிற நான், பீட்டர் ஃபால்க் என்கிற அமெரிக்க நடிகரின் 'கொலம்போ' டெலிவிஷன் கதைகளைத் தேடித் தேடிப் பார்த்தேன் என்றால் காரணம் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கதைகளில் ரகசியமே இல்லை. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரே நடந்து விடுகிறது. யார் கொன்றது, எப்படிக் கொன்றது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாக லெப்டினண்ட் கொலம்போ வந்து சேருகிறார். ரிச்சர்ட் லெவின்ஸன், வில்லியம் லிங்க் என்ற இரட்டையர் சிருஷ்டித்த பாத்திரம் அது. தாஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வருகிற போர்பிரி பெட்ரோவிச்தான் அதற்கு மூலம். கடன் வாங்கினாலும் நல்ல இடத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

ஃபால்க் 1927ல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் கண்ணில் புற்று வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஆயுள் பூராவும் கண்ணாடிக் கண்தான். சில காலம் கப்பலில் சமையல் வேலை. பிறகு நிர்வாகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கனெக்டிகட் மாகாண அரசாங்கத்தின் பட்ஜெட் இலாகாவில் உத்தியோகம். முப்பதை நெருங்குகிற வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். கண்ணைக் காரணம் காட்டி ஹாலிவுட்டில் ஒரு பெரிய முதலாளி அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ஆனால் 1960லும் 1961லும் வந்த இரண்டு படங்களுக்காக ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசாயிற்று. பரிசு கிடைக்கவில்லை. கொலம்போவாக முதலில் வந்தது 1968ல். தொடராக 1971 முதல் 1978 வரை நடந்தது. கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு.

தொடரின் முதல் கதையை டைரக்ட் செய்தவர், அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அதில் இரண்டு பேர் கூட்டாகத் துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றிருக்கிறார்கள். உண்மையில் எழுதுகிறவர் ஒருவர்தான். மற்றவர் பேட்டி கொடுப்பவர், விருந்துக்குப் போகிறவர். எழுதுகிறவர் பிரிந்து போகத் தீர்மானித்ததும், எழுதாதவர் அவரைக் கொன்று விடுகிறார். அந்தக் கொலைத் திட்டம் ஒரு நாவலுக்காக எப்போதோ குறித்து வைத்த யோசனை. பிடிபட்டபோது அவர் சொல்வது, அந்த யோசனை தம்முடையது என்பதுதான். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. கொலை வெளிப்பட்டதைவிட, தமக்கு உதித்த ஒரே நல்ல கற்பனை அது என்பது அந்த மனிதருக்கு முக்கியமாக இருக்கிறது.

கொலம்போ சந்திக்கிற குற்றவாளிகள் பெரும்பாலும் பணக்காரர்கள், படித்தவர்கள், அழகாகப் பேசத் தெரிந்தவர்கள். இவரோ பையைத் தடவுகிறார், பென்ஸிலைத் தேடுகிறார், மனைவி சொன்னதைச் சொல்கிறார், கதவு வரை போய்விட்டு இன்னொரு சந்தேகம் என்று திரும்புகிறார். எதிராளிக்கு இவர்பேரில் ஏற்படுகிற இளக்காரம்தான் இவர் ஆயுதம். ஏழை தன் ஏழ்மையையே வேஷமாகப் போட்டுக்கொள்கிற இந்தத் தந்திரம் நியாயமா என்று எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சில கதைகளில் பொய்ச் சாட்சியம் காட்டிக்கூடக் குற்றவாளியை மடக்குகிறார். கொன்றவன் யார் என்று நமக்குத் தெரிந்திருப்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை. தெரியாவிட்டால் கேட்டிருப்போம்.

ஃபால்க் எங்கும் ஒரே ஆளாகத்தான் நடித்தார் என்று சொல்வார்கள். அவர்கள் ஜான் கஸாவெட்டிஸ் எடுத்த 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) படத்தைப் பார்க்க வேண்டும். ஃபால்க் சொந்தப் பணத்தைப் போட்டுத் துணை நின்ற படம் அது. அதில் அவர் நிக் என்கிற கட்டட மேஸ்திரி. மனநிலை தடுமாறுகிற மனைவியாக ஜீனா ரோலண்ட்ஸ். அதே கைகள், அதே தடுமாறும் பேச்சு. கொலம்போவுக்குச் சொல் தெரியும்; தெரியாதது போல நடிக்கிறார். நிக்குக்குச் சொல் கிடைப்பதே இல்லை. கிடைக்காதபோது கத்துகிறான், அடிக்கிறான், நேசிக்கிற மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறான். அவள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் நாளில், வீடு நிறையக் கூட்டத்தைக் கூட்டி வைக்கிறான்! அன்பு இருந்தும் அறிவு போதாத ஒரு மனிதனை இவ்வளவு பரிவோடும் இவ்வளவு ஈவிரக்கமில்லாமலும் நடித்துக் காட்டியவர்கள் அபூர்வம். ரோலண்ட்ஸை எல்லோரும் பாராட்டினார்கள், நியாயம்தான். ஆனால் எதிரே நின்ற இந்தச் சுவர் இல்லாவிட்டால் அவர் எதில் போய் மோதியிருப்பார்?

1989 முதல் 2003 வரை மறுபடியும் வந்த கொலம்போ கதைகளை நான் விரும்பவில்லை. தடுமாற்றம் பழக்கமாகிவிட்டது, ஃபால்க் தம்மையே பார்த்து நடித்தது போல இருந்தது. 2011ல், ஞாபகமெல்லாம் அழிந்துபோன நிலையில், காலமானார்.

விம் வெண்டர்ஸின் 1987ம் வருஷத்து ஜெர்மன் படம் ஒன்றில் அவர் பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். பெர்லின் தெருவில் பையன்கள் அவரைக் கொலம்போ என்று அடையாளம் கண்டு பேசிக்கொள்கிறார்கள். அவரோ ஒரு காலத்தில் தேவதூதராக இருந்து, மனிதராக வாழ ஆசைப்பட்டு இறங்கி வந்தவர். ஒரு தெருக் கடை முன்னால் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தேவதூதரிடம், காப்பி குடிப்பதும் புகை பிடிப்பதும் எவ்வளவு சுகம் என்று சொல்கிறார். கை குளிர்ந்தால் இப்படித் தேய்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டுகிறார். பிறகு வெறுங்காற்றை நோக்கிக் கையை நீட்டுகிறார், குலுக்குவதற்காக.