நிழலுக்கு இடம் விடும் கணக்கு

மங்கலாக விழுந்த படத்தைத் தானாகவே சரிசெய்யும் வசதி இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. ஒரு தொடுதலில் முகம் தெளிகிறது, மூலையில் மறைந்து கிடந்த நாற்காலி துலங்குகிறது. எவ்வளவு பளிச்சென்று ஆகிவிட்டது என்று வியக்கிறோம். வெளிச்சத்தின் அளவை வைத்து இந்தக் கலையை மதிப்பிடுவது, உப்பின் அளவை வைத்துச் சமையலை மெச்சுவது போலத்தான். எந்த இருட்டை இருட்டாகவே விட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் திருத்தியவர் கைத்திறன் தெரியும். இத்துறை வளர்ந்து வந்த வழியே இதற்குச் சாட்சி.

பழைய முறைகளில் எளிமையானது ஹிஸ்டோகிராம் சமப்படுத்தல். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. வெளிச்சம் போதாத படத்தில் பெரும்பாலான பிக்சல்கள் கீழ்ப்படிகளிலேயே நெரிசலாக நிற்கும். மேல்படிகள் காலியாகக் கிடக்கும். எங்கே கூட்டம் அதிகமோ அங்கே இடைவெளி கொடுத்து, எல்லாரையும் 256 படிகளிலும் பரவி நிற்க வைப்பதுதான் இந்தக் கணக்கு. சில வரிகளில் எழுதி முடித்துவிடலாம். அதன் சிக்கனம் அழகானது. ஆனால் அதற்கு எண்ணத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது. ஒரு முகத்துக்குப் பின்னால் பெரிய கறுத்த சுவர் இருந்தால், பிக்சல் எண்ணிக்கையில் சுவர்தான் பெரும்பான்மை. ஆகவே சுவருக்கே இடம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு புள்ளியும் மணல் இறைத்தாற்போல் பொரியும், முகமோ வெளுத்துப்போகும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியே சமப்படுத்திப் பார்த்தார்கள். மணல் இன்னும் கூடியது. எந்தக் கட்டத்திலும் இந்த அளவுக்கு மேல் விரிக்கக் கூடாது என்று ஒரு வரம்பைப் போட்ட பிறகுதான் முறை உருப்பட்டது. காரெல் ஸூய்டர்வெல்ட் 1994-இல் வெளியிட்ட வடிவம் எக்ஸ்ரே போன்ற மருத்துவப் படங்களைத் தெளிவாக்க இன்றும் பயன்படுகிறது. அதில் என்னைக் கவர்வது அந்த வரம்புதான்: 'போதும்' என்று சொல்ல இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த இடம் அது.

அடுத்த பாய்ச்சல் கண்ணைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்து வந்தது. உச்சிவெயிலில் கிடக்கும் கரித்துண்டு, வீட்டுக்குள் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டியைவிடப் பல மடங்கு அதிக ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. இருந்தும் கரி கறுப்பாகவும் வேட்டி வெள்ளையாகவுமே தெரிகின்றன. எப்படி? போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லாண்டும் ஜான் மெக்கானும் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் காகிதத் துண்டுகளை ஒட்டிய ஒரு பலகை. கீழிருந்து விளக்கு போட்டு, மேலே போகப்போக ஒளி குறையும்படி செய்தார்கள். மேலே இருக்கும் வெள்ளைத் துண்டிலிருந்தும் கீழே இருக்கும் கறுத்த துண்டிலிருந்தும் வரும் ஒளியை அளந்தால் இரண்டும் ஒன்றே. கண்ணுக்கு மட்டும் ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. கண் மொத்த ஒளியை அளப்பதில்லை, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் விகிதத்தை எடைபோடுகிறது என்பது லாண்டின் விளக்கம். மெல்ல மாறுவது விளக்கின் வேலை. சட்டென்று மாறுவது பொருளின் குணம். ரெடினெக்ஸ் என்ற இந்தக் கொள்கையிலிருந்து பிறந்த நிரல்கள் ஒளியை வேறாகவும் பொருளை வேறாகவும் பிரித்து, ஒளியை மட்டும் திருத்தப் பார்க்கின்றன. சன்னல் கம்பியின் கூர்மையான நிழல் விழும் இடத்தில் அவை ஏமாந்துபோகும். விளிம்பைச் சுற்றி ஒரு வெளிர்வட்டம் படரும். ஆனாலும், திருத்துவதற்கு முன் பிரித்தறிய வேண்டும் என்ற பாடம் இங்கிருந்துதான் கிடைத்தது.

பிரித்தறியவும் சரக்கு வேண்டுமே. ஒளி மழைத்துளி போல எண்ணிக்கையாகவே வந்து விழுகிறது. 100 ஒளித்துகள் விழும் இடத்தில் சராசரி ஏற்றத்தாழ்வு 10. 4 மட்டும் விழும் இடத்தில் 2, அதாவது பாதி. அந்த நாலைப் பத்தால் பெருக்கினால் ஒளியோடு தடுமாற்றமும் பத்து மடங்காகும். ஆகவேதான் இன்றைய கைப்பேசிகள் ஒரே படத்தை ஊதிப் பெரிதாக்காமல், அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கின்றன. 16 படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், இரைச்சல் எனப்படும் இந்தத் தடுமாற்றம் கால்பங்காகக் குறையும். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் விவரித்த ஹெச்டிஆர் பிளஸ் முறை ஒவ்வொரு படத்தையும் வேண்டுமென்றே சற்று இருட்டாகவே எடுக்கிறது. விளக்கும் வானமும் வெளுத்து அழியாமல் இருக்க.

சேர்த்த ஒளியை என்ன செய்வது என்பதில்தான் ரசனை வெளிப்படுகிறது. 2018-இல் வந்த கூகுளின் 'நைட் சைட்' என்ற இரவுப்பட வசதியை விளக்கும்போது அதன் பொறியாளர்கள் எடுத்துக்காட்டியது ஓர் ஓவியத்தை: டெர்பியைச் சேர்ந்த ஜோசப் ரைட் 1766-இல் வரைந்த, கோள்மண்டல மாதிரியை வைத்து ஓர் அறிஞர் பாடம் நடத்தும் காட்சி. சூரியனுக்குப் பதிலாக நடுவே ஒரு விளக்கு. முதுகு காட்டி நிற்கும் ஓர் உருவம் அதை மறைத்து முழுக் கறுப்பாகிறது. சுற்றியுள்ளவர்களின் கன்னங்கள் மட்டும் ஒளிர்கின்றன. முகங்கள் எவ்வளவு தெளிவு! அறையோ இரவாகவே இருக்கிறது. நிழலை அடியோடு கறுப்பில் இறக்கியதால் வந்த வெற்றி அது. 'நாயகன்' (1987) படத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் இருட்டுக்குக் கொடுத்த இடமும் இந்த ஞானத்தின் பயனே. அக்காட்சிகளை எளிய சமப்படுத்தலுக்கு உட்படுத்தினால் மிஞ்சுவது தூசி படிந்த சுவர்கள்தாம்.

கேமரா பிடித்ததை மாற்றுவதே பொய் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் ல கிரே 1850-களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்து அச்சிட்டார். ஒரே தகட்டில் இரண்டும் விழாது என்பதால். அவர் கண்டது இரண்டையும்தான். கேமராவின் குறையை நீக்குவது காட்சிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. வந்து விழுந்த ஒளியைச் சேர்ப்பது நியாயம். வராத ஒளிக்கு இமைமுடியைக் கற்பனை செய்து வரைவது வேறு. அந்தக் கோட்டைத் தாண்டும் நிரல்களை நானும் ஏற்கமாட்டேன். ரசனையை இயந்திரத்திடம் விடலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. எம்ஐடி, அடோபி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட தொகுப்பில் 5,000 படங்களைப் பயிற்சிபெற்ற ஐவர் தனித்தனியே திருத்தியிருக்கிறார்கள். ஒரே படத்துக்கு ஐந்து விடைகள். சரியான விடை ஒன்றே என்று இருந்தால் ஐவர் எதற்கு? இயந்திரம் கற்பது யாரோ சிலருடைய தேர்வைத்தான்; ஆகவே அது யாருடைய தேர்வு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்த உரிமை மிக முக்கியம். ஒளிமானிகள் உலகைச் சராசரியாக நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டே அளக்கின்றன. பனிமலை அழுக்காகவும், கறுத்த பொருள் வெளிறியும் விழுவது அதனால்தான். அதோடு 'பளிச்' என்பதே நலம் என்று கற்ற நிரலும் சேர்ந்தால், கறுத்த முகத்தின் நிறத்தையே வெளிச்சக் குறைவாக எடுத்துக்கொண்டுவிடும். கறுத்த முகங்களையும் உள்ளபடி காட்ட முயலும் 'ரியல் டோன்' வசதியைக் கூகுள் 2021-இல் கொண்டுவந்ததும், சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய 10 நிறப்படிகளை 2022-இல் வெளியிட்டதும் தாமதமாக வந்த திருத்தங்கள். ஆனாலும் வரவேற்க வேண்டியவை. அடுத்த முறை உங்கள் கைப்பேசி ஒரு படத்தைத் திருத்திக் கொடுத்தால், பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முகம் தெளிந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறியிருந்தால் பழையதற்கே திரும்பிவிடுங்கள்.