‘விமானம்’: பட்டறையில் ஒரு காதல் கதை

பிரதீப் எம். நாயர் இயக்கி 2017 டிசம்பரில் வெளியான மலையாளப் படம் ‘விமானம்’. காது சரியாகக் கேட்காத, படிப்பைப் பாதியில் விட்ட வெங்கிடி (பிருத்விராஜ்) சொந்தமாக ஒரு விமானம் செய்கிறான். ஊர் சிரிக்கிறது, ஜானகி (துர்கா கிருஷ்ணா) நம்புகிறாள். பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் விமானம் எப்படி முடிந்தது என்று கேட்டால் படத்திடம் காதல்தான் பதிலாக இருக்கிறது.

படத்துக்குத் தூண்டுதலான சஜி தாமஸின் கதை வேறு மாதிரி. தொடுபுழா பக்கத்துக்காரர். காதும் கேட்காது, பேச்சும் வராது. ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைச் சின்ன வயதில் பார்த்ததில் தொடங்கிய கிறுக்கு. பல வருடம் உழைத்து இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன விமானத்தைச் செய்துவிட்டார். அதை வானத்தில் ஏற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். இடம் நம்ம திருநெல்வேலிச் சீமை, அம்பாசமுத்திரம் பக்கம் மணிமுத்தாறு. வருடம் 2014.

யோசித்துப் பாருங்கள். பேச முடியாத ஒரு மெக்கானிக் செய்த இயந்திரத்தில் இன்னொருவர் தன் உயிரை வைத்து ஏறி உட்காருகிறார். அதற்கு முன் என்னவெல்லாம் பார்த்திருக்க வேண்டும்! சக்கரங்களுக்கு அடியில் தராசு வைத்து எடை பார்த்து, புவியீர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட வேண்டும். அது அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டால், வேகம் குறைந்து மூக்கு தூக்கும்போது விமானத்தை மீட்கவே முடியாமல் போகலாம். கட்டுப்பாட்டுக் கம்பிகள் தலைகீழாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தரையில் ஓட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். சைகையில் நடந்த இந்த உரையாடல் இருக்கிறதே, எந்தக் காதல் காட்சியையும் விடப் பெரிய சினிமா அது. ஜானகிக்குக் கிடைத்த நேரத்தில் கால்வாசிகூட இந்த உறவுக்குக் கிடைக்கவில்லை.

ரோஜராக வரும் அலன்சியர் போல வெங்கிடிக்கு ஆதரவானவர்கள் படத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நம்புவது வேறு, “இந்த ரிவெட் சரியில்ல, பிரிச்சுட்டு மறுபடி போடு” என்று சொல்வது வேறு. இரண்டாமவர் இல்லாமல் வீட்டில் கட்டும் விமானம் முடியாது. அமெரிக்காவில் 1953இல் பால் போபெரஸ்னி தொடங்கிய சங்கத்தில், இப்படிப் பட்டறைக்கு வந்து பார்த்துச் சொல்லவே தன்னார்வ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் கட்டத்துக்குக் கட்டம் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே? மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவ் விமானம் ஓட்டுவதைத் தொழிலாகவே கொண்டவர். அவருக்கே பதிவு எண் கிடைக்க 2017 ஆகிவிட்டது. எந்த வகையில் அதைச் சேர்ப்பது என்பதிலேயே காலம் ஓடியது.

லாஸ்பேட்டையில் என் தலைக்கு மேல் ஏடிஆர் இறங்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். ஓடுபாதை இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் இரண்டு வரி நிரலைக்கூட இன்னொருவர் படிக்காமல் வெளியே விடமாட்டோம். தனியாளாகச் சாதித்தவன் என்று கைதட்டும் நம் சினிமாவுக்கு அந்த இன்னொருவர் மட்டும் ஏனோ சுவாரசியமாகப் படுவதில்லை. மணிமுத்தாற்றில் அன்று காலை அந்த விங் கமாண்டர் எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார் என்று காட்டும் படத்துக்கு நான் டிக்கெட் எடுக்கத் தயார்.