துவர்ப்பு: ஒயின், கள், ருசியின் அதிகாரம்

அடையாறு காந்தி நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். நான்கு பாட்டில்கள் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும், எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு விரற்கடை ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு குறிப்பேட்டில் எழுத வேண்டும். யாரும் இதில் நிபுணர் இல்லை. ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் கல்லூரி ஆசிரியை, இரண்டு பேர் கணிப்பொறி. நான் எழுதுகிறவன் என்பதால் 'நீங்கதான் சார் வார்த்தை கண்டுபிடிக்கணும்' என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் இயக்கத் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஊரே டாஸ்மாக்கில் சாய்ந்து கிடக்கும்போது உனக்கு ஒயின் ருசி கேட்குதா? கேள்வி நியாயமானது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் சொல்லிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ருசி என்ற சொல்லையே மேட்டுக்குடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது.

முதல் சிக்கல் மொழியிலேயே தொடங்குகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் நோபிள் 1984ல் ஒயின் மணங்களுக்காக ஒரு சக்கரம் வரைந்தார். நடுவில் பழம், பூ, மரம், மண் என்று பொதுவகைகள், வெளிவட்டத்துக்குப் போகப்போகத் தனித்தனிப் பெயர்கள். ஒயினைப் பற்றி 'கம்பீரமானது', 'வசீகரமானது' என்று பூசி மெழுகாமல், யாரும் சரிபார்க்கக்கூடிய சொற்களில் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். ஜனநாயகமான நோக்கம்தான். ஆனால் அந்தச் 'யாரும்' யார்? சக்கரத்தைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு எங்கள் நண்பர் ஒருவர் 'பிளாக் கரண்ட்' என்று அறிவித்தார். எங்கே சாப்பிட்டீங்க என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஐஸ்கிரீம்ல' என்றார். குளிர்நாட்டுப் புதர் ஒன்றின் கனி, தி.நகர் ஐஸ்கிரீம் கடை வழியாக, எசென்ஸாக, எங்கள் நினைவுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு கேபர்னே சாவின்யோனின் அடையாளமாகிவிட்டது. குறிப்பான் இருக்கிறது, குறிப்பீடு ஃப்ரீசரில் இருக்கிறது.

நாவற்பழம் என்று சொல்ல எட்டுப் பேரில் ஒருவருக்கும் நா எழவில்லை. சொன்னது, கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மாதான். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு சொட்டு கொடுத்தார். (கொடுத்த விதத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) 'இன்னாம்மா இது, நாவாப்பயம் துன்னா மாரி தொண்டயெல்லாம் தொவக்குது' என்றார் அவர். அன்றைக்குச் சொல்லப்பட்டதிலேயே மிகத் துல்லியமான குறிப்பு அதுதான். பிறகு 'இது இன்னா வெல?' என்று கேட்டார். பாட்டிலின் விலை, அந்த வீட்டில் அவர் வாங்கும் மாதச் சம்பளத்துக்கு ஏறக்குறையச் சமம். யாரும் பதில் சொல்லவில்லை. இதை எழுதும்போதே, உழைக்கும் பெண்ணின் நாவிலிருந்து 'அசல்' ருசியைப் பிடுங்கி என் கட்டுரைக்கு அலங்காரமாக்குகிறேனோ என்று உறுத்துகிறது. உறுத்தட்டும்.

துவர்ப்பு என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிவப்பு ஒயினின் முதுகெலும்பு டானின் என்கிறார்கள். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்குவது, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வறட்டுவது. மேற்கத்திய உடலியல் இதைச் சுவை என்றே கணக்கில் சேர்ப்பதில்லை, தொடுஉணர்ச்சியோடு சேர்த்துவிடுகிறது. அறுசுவைக் கணக்கிலோ அது புளிப்புக்கும் உவர்ப்புக்கும் சமமாக ஓர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, கடுக்காய், நெல்லிக்காய் என்று குழந்தைக்கும் தெரிந்த சுவை. ஒயின் பள்ளிக்கூடங்கள் மாணவனுக்கு ஆறிப்போன கட்டந்தேநீரைக் கொடுத்துப் புரியவைப்பதை, வெற்றிலை போடும் கிழவி மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். ஆக, நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. அதை அந்த மேசையில் வைக்கத் துணிச்சல் இல்லை.

ருசி மொழிக்குள்தான் நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களிலேயே அவர்கள் அதை வர்ணித்தார்கள். 2001ல் வெளியான ஆய்வு இது. 'பாத்தீங்களா, எல்லாம் பித்தலாட்டம்' என்று இதைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் சொன்னதை மூக்கு கேட்டது, அவ்வளவுதான். கருவாட்டு வாசனை ஒரு தெருவில் பசியையும் அடுத்த தெருவில் குமட்டலையும் கிளப்புகிறதே, அங்கே சாயம் கலந்தது யார்? மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனவர்களுக்கு அந்தச் சாயத்தின் பெயர் தெரியும்.

பியர் பூர்தியு அறுபதுகளில் பிரான்ஸில் எடுத்த கணக்கெடுப்புகளை வைத்து 1979ல் எழுதிய நூலில் இதைத்தான் விரிவாகச் சொன்னார். ருசி இயற்கையாக வாய்த்தது போலத் தோன்றும். ஆனால் அது வர்க்கத்தால் பயிற்றுவிக்கப்பட்டது, அதை வைத்தே மனிதர்கள் ஒருவரை ஒருவர் தரம் பிரிக்கிறார்கள். வயிறு நிறைவதே முக்கியமாக இருப்பவரின் ருசி ஒன்று, வயிற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவரின் ருசி இன்னொன்று. இதை இங்கே அப்படியே இறக்குமதி செய்தால் ஒன்று விடுபடும். பூர்தியுவுக்குச் சாதி தெரியாது. நம் ஊரில் ருசியைப் பயிற்றுவிப்பது சம்பளம் மட்டுமல்ல, தீட்டும்தான். ரொலாண் பார்த் இன்னும் முன்னால், 1957ல், ஒயினைப் பிரெஞ்சுத் தேசியத்தின் குலச்சின்னம் என்று வாசித்தார். அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது முடிவில் வரும் திருப்பம். அந்த இனிய பானம், அல்ஜீரியாவில் ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம்களின் நிலத்தில், அவர்களுக்கு எதற்கும் உதவாத பயிராகத் திணிக்கப்பட்டதை அவர் ஒளிக்கவில்லை.

நம்முடைய குலச்சின்னம் எது? 2003க்கு முன்பு, தனியார் நடத்திய காலத்தில், 'ஒயின்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகள் ஊரெங்கும் இருந்தன. இன்றும் 'ஒயின்ஷாப்' என்றுதான் பேசுகிறோம். அங்கே ஒயின் கேட்பவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். விற்பது பிராந்தியும் ரம்மும். அந்தப் பிராந்தியாவது திராட்சையிலிருந்து வந்ததா என்றால், பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸ்ஸில் வடித்த சாராவியில் நிறமும் மணமும் சேர்த்தது. சாராய அளவு 42.8 சதவீதம். ஒயின் என்ற பெயரில் பிராந்தி, பிராந்தி என்ற பெயரில் மொலாசஸ். கட்டுடைப்பு பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் அந்தப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். இன்னொரு பக்கம், தமிழ் விவிலியம் ஒயினைத் 'திராட்சரசம்' என்கிறது. கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் ரசமாயிற்று என்று வாசிக்கும் சாந்தோம் குழந்தைக்கும், இலையில் ரசம் ஊற்றிக்கொள்ளும் கபாலி கோயில் பக்கத்துக் குழந்தைக்கும் சொல் ஒன்றுதான்.

பழைய பிரதிகளுக்குப் போனால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்திக் குடிக்கும் பாண்டியனைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் 1945ல் வீலர் தோண்டியபோது ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இறக்குமதிச் சரக்கின் கௌரவம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று சொல்லிக் கடந்து போகலாம். எனக்கு அதைவிட முக்கியம் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்கிற அந்தப் பாட்டில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலுவான வாயுள்ள சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து அரித்த நறும்பிழி. அதோடு என்ன கொடுக்கிறார்கள்? சுட்ட மீன். எந்த மது, எப்படிச் செய்தது, எதோடு சேர்த்து உண்பது — மூன்றும் அங்கே இருக்கின்றன, அரசனின் பந்தியில் அல்ல, மீன்பிடிப்பவர் வீட்டில். அதே தொண்டை நாட்டுக் கடற்கரையில், மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில், 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் சாலையின் மீன் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. எங்கள் கூட்டத்துக்கு நெத்திலி அங்கிருந்துதான் வந்தது.

பொருத்தத்துக்கு வருகிறேன். வாழைப்பூ வடையோடு கேபர்னே குடித்தால் துவர்ப்பின் மேல் துவர்ப்பு விழுந்து, கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நெத்திலி வறுவலோடு ஷிராஸ் குடித்தோம். அழுகிய மீன் வாடை கிளம்பியது. ஒயினில் உள்ள இரும்புச் சத்துதான் மீனோடு சேர்ந்து இதைச் செய்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் காட்டியிருக்கிறார்கள். அதே ஷிராஸ் மட்டன் சுக்காவோடு அடங்கிப்போனது, கொழுப்பும் புரதமும் டானினை வாங்கிக்கொள்வதால். மிளகாய்க் காரத்தின் மேல் சாராயம் விழுந்தால் எரிச்சல் கூடுகிறது. புளி, ஒயினின் புளிப்பைத் தின்றுவிடுகிறது. அதனால் மிளகு ரசத்தோடு தாக்குப்பிடித்தது நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க் மட்டும்தான், அதில் கொஞ்சம் தித்திப்பும் நல்ல புளிப்பும் இருந்ததால். ரசத்தோடு ஒயினா என்று சிரிக்கிறவர்கள் ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

ஆனால் 'ஒரு பதார்த்தத்துக்கு ஒரு ஒயின்' என்ற இலக்கணமே ஒருவகைப் பந்தியை முன்தீர்மானமாகக் கொண்டது. பண்டங்கள் ஒவ்வொன்றாக வருகிற ரஷ்ய முறைப் பரிமாறல் பிரான்ஸில் நிலைபெற்றதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அங்கேயும் பல பண்டங்கள் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பப்பட்டிருந்தன. நம் இலையில் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை உண்டு. கூடவே பொரியலும் ஊறுகாயும் அப்பளமும் எல்லாச் சுற்றிலும் காத்துக்கொண்டிருக்கும். எதை எதோடு சேர்ப்பது என்பதை உண்பவரின் விரல்கள் ஒவ்வொரு கவளத்திலும் தீர்மானிக்கின்றன. 'தொட்டுக்கொள்ள' என்கிறோமே, அதைவிட நல்ல சொல் வேறு எந்த மொழியில் இருக்கிறது? வத்தக்குழம்புக்குச் சுட்ட அப்பளம், அடைக்கு அவியல், சைதாப்பேட்டை வடைகறிக்கு இட்லி. டாஸ்மாக் பாரில் குவார்ட்டருக்குத் தொட்டுக்கொள்ளும் மாங்காய்த் துண்டும் அவித்த சுண்டலும் இந்த மரபில்தான் வரும். அங்கே ஊறுகாயின் வேலை ருசியைக் கூட்டுவதல்ல, வாயில் இருக்கும் ருசியை அழிப்பது. அந்தச் சரக்கை முகர்ந்து, வாயில் நிறுத்திக் குடிக்க முடியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்க வேண்டும்.

என் மனக்குறை இங்கேதான். மெதுவாகக் குடிக்கும் ஒரு பழக்கத்தை அழித்து, அவசரமாகக் குடிக்கும் பழக்கத்தை யார் உண்டாக்கினார்கள்? 1937ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதும், போன வருவாயை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்ததும், 1971ல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியதும், மறுபடி கொண்டுவந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மதுவிலக்கு நாட்களிலும் டாக்டர் சீட்டோடு 'பெர்மிட்' வாங்க முடிந்தவர்களின் கிளாஸ் காயவில்லை. கள்ளுக்குத் தடை 1987ல் வந்தது, இன்றுவரை நீங்கவில்லை. 2003 இறுதியில் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24ல் மது வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். பனங்கள்ளின் போதை ஏறக்குறைய பீர் அளவுதான். அது குற்றம். 42.8 சதவீதம் அரசாங்கம். மாலுக்குள் குளிர்சாதன 'எலைட்' கடையில் ஒயின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து நிதானமாக வாங்க எனக்கு இடம் உண்டு. பனையேறிக்கு அவர் மரத்திலிருந்து அவரே இறக்கியதைக் குடிக்க உரிமையில்லை.

கள்ளுக்கடைக்குப் பொற்காலம் பாட நான் தயாரில்லை. 1921ல் தன் தோப்பில் ஐநூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்து எழுதினார். அந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. 2015ல் மதுவிலக்குக் கேட்டுப் போராடும்போதே சசிபெருமாள் இறந்தார். அதே ஆண்டு டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகக் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குடிக்கிறவனின் ருசியைப் பற்றிப் பேசும்போது, அவன் வீட்டுப் பெண்ணின் ராத்திரியை மறந்துவிட்டுப் பேச முடியாது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். ருசியற்ற குடி அந்த ராத்திரியை எந்த விதத்தில் நல்லதாக்கியது?

போன கூட்டத்துக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். ஒயினுக்கு நடுவில் பதநீரையும் ஒரு கிளாஸ் வைப்போம் என்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பூச்சு சுண்ணாம்பு. வங்கி நண்பர் பெசன்ட் நகர் போகும் வழியில் காலையில் வாங்கி, மறந்துபோய்க் காரிலேயே வைத்துவிட்டார். மாலையில் மூடியைத் திறந்தபோது புஸ்ஸென்று சத்தம் வந்தது. லேசான நுரை, புளிப்பு வாசனை. செய்தித்தாள் சுற்றிய பாட்டில்களுக்குப் பக்கத்தில் அதை வைப்பதா வேண்டாமா என்று கால்மணி நேரம் பேசினோம். கல்லூரி ஆசிரியை கேட்டார்: 'இது இப்போ சட்டப்படி என்ன?' வீட்டுக்காரர் எழுந்துபோய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.