உரிக்கிற கை, உடுத்துற கை: ஜாக்கி ஓர்ம்ஸின் பின்-அப் சித்திரங்கள்

சிகாகோவில் வாழ்ந்த கறுப்பினப் பெண் கேலிச்சித்திரக்காரர் ஜாக்கி ஓர்ம்ஸின் படங்களை எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலை சுற்றுக்கு விட்டேன். எல்லாம் ஜெராக்ஸ் தாள்கள்தான். பார்த்துவிட்டு ஒரு தோழர், கூலிப் போராட்டம் நிலப் போராட்டம் என்று களத்தில் நிற்கிறவர், பட்டென்று கேட்டார்: "இடுப்ப வளைச்சு நிக்கிற பொம்பள படத்துல என்னங்க விடுதலை இருக்கு? வெள்ளைக்காரன் போட்டா ஆபாசம், கறுப்பக்கா போட்டா கலகமா?"

கேள்வி நியாயமானது. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதன் பிறகு அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சரக்கு எப்படித் தயாராகிறது என்று பார்த்துவிடுவோம். பின்-அப் என்றால் குண்டூசி குத்திச் சுவரில் மாட்டிவைக்கிற பெண் படம். 1940-களின் அமெரிக்காவில் பட்டறை, ராணுவக் கூடாரம், முடிதிருத்தும் கடை என்று ஆண்கள் புழங்குகிற இடமெல்லாம் அது தொங்கியது. இதில் பெரிய கை கில் எல்வ்கிரன். காலண்டர் கம்பெனிக்கு வரைந்தவர். மாடல் பெண்ணைக் கூப்பிட்டு, விளக்குப் போட்டு, போஸ் கொடுக்கவைத்துப் போட்டோ எடுப்பார். அந்தப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். தீட்டும்போது கால் நீளும், இடுப்பு குறுகும், கண் பெரிதாகும். பாவாடை எதிலாவது மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் காற்று தூக்கிவிடும். அவளுக்கே தெரியாமல் நாம் பார்த்துவிட்டோம் என்கிற பாவனைதான் முழு வியாபாரமும்.

பெரு நாட்டில் பிறந்த ஆல்பர்ட்டோ வார்காஸ் 1940 முதல் 'எஸ்குயர்' பத்திரிகைக்கு வரைந்தார். அவருடைய முறை வேறு. முதலில் உடம்பை நிர்வாணமாக வரைவார், உடுப்பு அதற்குப் பிறகு வரும், அதுவும் ஒரு மெல்லிய நீர்வண்ணப் பூச்சாக. ஆகவே அந்த உடுப்புக்கு மறைக்கிற வேலை கிடையாது, உள்ளே இருப்பதை ஞாபகப்படுத்துகிற வேலைதான். பார்க்கிறவன் தன் மனசுக்குள் அதை உரித்துக்கொள்ளலாம்.

ஸோயி மோஸர்ட் என்று ஒரு வெள்ளைப் பெண் ஓவியரும் இருந்தார். கண்ணாடி முன் தானே நின்று, தன்னையே மாடலாக வைத்து வரைந்தவர். பெண் வரைந்தால் பார்வை தானாக மாறிவிடும் என்று நம்புகிற நண்பர்கள் அவருடைய காலண்டர்களைப் பார்க்க வேண்டும். மாறவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றது பெண், உள்ளேயிருந்து பார்த்தது காலண்டர் வாங்குகிற ஆண்.

இந்தச் சுவர்களில் கறுப்புப் பெண்ணுக்கு இடமில்லை. இடமில்லை என்றால் அவள் உடம்பை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. 1850-இல் தென் கரோலினாவில், ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாஸிஸுக்காக அடிமைகளைப் படம் பிடித்தார்கள். அதில் டீலியா, டிரானா என்று இரண்டு பெண்கள். மேலுடுப்பை இடுப்பு வரைக்கும் இறக்கிவிட்டு, நேராகவும் பக்கவாட்டிலும் உட்காரவைத்து எடுத்த படங்கள். கறுப்பர் வேறு ஒரு இனம், தாழ்ந்த இனம் என்று நிரூபிக்கிற 'விஞ்ஞானம்' அது. அந்தத் தகடுகள் 1976-இல்தான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டன. இது ஒரு கோடி. இன்னொரு கோடியில் ஆன்ட் ஜெமைமா: பருத்த உடம்பு, தலையில் முக்காடு, ஏப்ரன், எப்போதும் சிரிப்பு, மாவுப் பொட்டலத்தின் மேல் படம். ஒன்று உரித்துப் பார்க்கிற உடம்பு, இல்லாவிட்டால் சமைத்துப் போடுகிற உடம்பு. தானாக உடுத்தி, தானாக அலங்கரித்து, தன் அழகு தனக்குத் தெரிந்து நிற்கிற கறுப்புப் பெண் வெள்ளைக்காரர்களின் சித்திரத்தில் கிடையாது.

ஓர்ம்ஸுக்கு முன்னால் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஈ. சிம்ஸ் கேம்ப்பெல், 1906-இல் செயின்ட் லூயிஸில் பிறந்த கறுப்பர். ரயில் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறுகிற வேலை பார்த்துக்கொண்டே பயணிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்து பழகியவர். 'எஸ்குயர்' 1933-இல் தொடங்கியபோது அதன் பக்கங்களை நிரப்பியவர்களில் முக்கியமானவர் இவர்தான். அதற்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்தப் பத்திரிகையில் அவர் கை இருந்தது. அந்தப்புரமும் சுல்தானும் அழகிகளுமாக அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் பிரசித்தம். கோடு அருமை, நகைச்சுவை அருமை. தொழில் திறமை என்று பார்த்தால் ஓர்ம்ஸைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் யாரை வரைந்தார்? பெரும்பாலும் வெள்ளைப் பெண்களை. யாருக்காக? வசதியான வெள்ளை ஆண்களுக்காக. வரைந்த கை கறுப்பு என்பது வாசகர்களில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. வெள்ளைப் பெண்ணைக் கறுப்பன் ஏறிட்டுப் பார்த்தான் என்பதற்காகவே மரத்தில் தொங்கவிட்ட காலம். அந்தக் காலத்தில் அவளுடைய தொடையையும் தோளையும் வரைந்து சம்பாதித்தார் கேம்ப்பெல். இதை ஒரு ரகசியப் பழிவாங்கல் என்று வாசிக்கலாம், வாசித்தவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையை ஒளித்துக்கொண்டால்தான் கூலி கிடைக்கும் என்கிற நிலைமை நமக்குப் புதுசா என்ன? சமைத்தவர் யார் என்று தெரியாத வரைக்கும் ருசித்துச் சாப்பிடுகிற வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. 1957-இல் அவர் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்.

ஜாக்கி ஓர்ம்ஸ் கையை ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய இடத்துக்கும் போகவில்லை. 1911-இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஸெல்டா ஜாக்ஸன்தான் பின்னால் ஜாக்கி ஓர்ம்ஸ் ஆனார். 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பர் வாரப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் சேர்ந்தவர். 1937-இல் டார்ச்சி பிரவுன் என்ற பெண்ணை வைத்து முதல் சித்திரத் தொடர். தெற்கிலிருந்து ரயிலேறுகிற டார்ச்சி, 'கறுப்பருக்கு' என்று எழுதியிருக்கிற பலகையைப் படிக்கத் தெரியாதவள் மாதிரி நடித்து வெள்ளையர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

பின்-அப் அதற்குப் பிறகு வருகிறது. 1945-இல் 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையில் 'கேண்டி' என்று ஒற்றைப் படத் தொடர். நாலு மாசம்தான் வந்தது. கேண்டி வீட்டு வேலைக்காரி, ஆன்ட் ஜெமைமா பார்க்கிற அதே வேலை. ஆனால் ஆள் ஒடிசலான அழகி. எஜமானியம்மாவின் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஒரு படத்தில் அவளுக்கு ஒரே கவலை: எஜமானியம்மா இன்னும் எடை போட்டுவிடக் கூடாது, உடுப்பு அளவு பெரிசானால் தனக்குச் சேராதே! படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எஜமானியின் பழைய துணி வேலைக்காரிக்கு வருவது கருணை என்று எழுதப்பட்டிருக்கிற உலகத்தில், இவள் அந்த அலமாரியைத் தன் அலமாரியாகப் பார்க்கிறாள். எஜமானியின் உடம்பைக் கணக்குப் போடுகிற கண் வேலைக்காரியின் கண்ணாக இருக்கிறது. பார்வையின் திசை இங்கேதான் மாறுகிறது. பெண் வரைந்ததால் மட்டும் வந்த மாற்றம் இல்லை இது, வேலைக்காரியின் பக்கத்தில் நின்று வரைந்ததால் வந்தது.

அதே ஆண்டு கூரியரில் 'பேட்டி ஜோவும் ஜிஞ்சரும்' தொடங்கியது, 1956 வரைக்கும் ஓடியது. ஜிஞ்சர் அக்கா, கல்லூரிப் பெண் மாதிரி, எப்போதும் பின்-அப் நிலையில். உள்ளாடையில் நிற்பாள், காலுறை மாட்டிக்கொண்டிருப்பாள், மாலை உடையில் திரும்பிப் பார்ப்பாள். பேட்டி ஜோ சின்னப் பெண், வாயாடி. இனஒதுக்கல், கம்யூனிஸ்ட் வேட்டை, போலியோ நிதி என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுவது அவள்தான். அக்கா வாயே திறக்க மாட்டாள். ஓர்ம்ஸின் போட்டோக்களையும் ஜிஞ்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜாடை அப்படியே இருக்கிறது. ஓர்ம்ஸின் வாழ்க்கையை 2008-இல் புத்தகமாக எழுதிய நான்ஸி கோல்ட்ஸ்டைனும் இந்த ஒற்றுமையைச் சொல்கிறார். மோஸர்ட் போலவே இவரும் தன் உடம்பிலிருந்துதான் எடுக்கிறார். வித்தியாசம், இந்தப் படம் தொங்கப்போவது கறுப்பர் வீடுகளில், கறுப்பர் முடிதிருத்தகங்களில். வாரா வாரம் அதைப் பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், துவைத்தும் துடைத்தும் வந்து உட்கார்ந்து பத்திரிகையைப் பிரிக்கிறவர்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்தது. 1950 முதல் 1954 வரை கூரியரின் வண்ணச் சித்திரப் பகுதியில் டார்ச்சி வளர்ந்த பெண்ணாகத் திரும்பி வந்தாள். தொடரோடு கூடவே 'டார்ச்சி டாக்ஸ்' என்று ஒரு காகிதப் பொம்மை. நடுவில் உள்ளாடையோடு டார்ச்சி, சுற்றிலும் அவளுக்கான உடுப்புகள். கத்தரியால் வெட்டி, மடிப்பு வைத்து, அவளுக்கு மாட்டிவிட வேண்டும். ஓர்ம்ஸ் சிகாகோவில் ஃபேஷன் நிகழ்ச்சிகள் நடத்தியவர், உடுப்பின் வெட்டும் மடிப்பும் விழுகிற விதமும் அவருக்கு அத்துபடி. தோள்பட்டைத் தையல்கூடச் சரியாக இருக்கும்.

வார்காஸின் முறையை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அங்கேயும் முதலில் உடம்பு, பிறகு துணி. ஆனால் அந்தத் துணி மனசுக்குள் உரிப்பதற்கு. டார்ச்சியில் விளையாட்டே உடுத்துவது. பொம்மை ஜட்டியோடு நிற்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்கள், அந்தப் பத்திரிகையை வாங்கின வீட்டில் ஒரு சின்னப் பெண் கத்தரியை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசிக்க வேண்டும். தன் நிறத்துப் பெண்ணுக்கு வாரம் ஒரு புது உடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். டீலியாவுக்கும் டிரானாவுக்கும் இடுப்பு வரை இறக்கிவிட்ட துணி இங்கே ஏறுகிறது. தோள்சீலைக்காக அடிபட்டவர்களின் நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. 1859-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டபோதும், மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் மூடக் கூடாது என்று ஒரு கொக்கி வைத்தது. மானத்துக்கு மறைத்துக்கொள், அலங்காரம் பண்ணிக்கொள்ளாதே என்பதுதான் அதன் பொருள். டார்ச்சி மறைப்பதோடு நிற்கவில்லை, அலங்காரமும் பண்ணிக்கொண்டாள்.

தோழர் கேட்ட 'கலகமா' என்பதற்கு இன்னொரு படம் இருக்கிறது. 1955 ஆகஸ்டில், எம்மெட் டில் என்ற பதினாலு வயசு சிகாகோப் பையன் மிஸிஸிப்பியில் கொல்லப்பட்டான். வெள்ளைப் பெண்ணைப் பார்த்து விசில் அடித்தான் என்பது குற்றச்சாட்டு. பெற்ற தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைத்து, சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்றார். செப்டம்பரில் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலையாளிகளை விடுவித்தது. அக்டோபரில் ஓர்ம்ஸின் படம் வந்தது. ஜிஞ்சர் வழக்கம்போல அழகாக இருக்கிறாள். பேட்டி ஜோ சமையலறையிலிருந்து வந்து சொல்கிறாள்: தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறேன் என்று நினைக்காதே, ஆனால் அந்தப் புது வெள்ளைக் கெட்டில் இப்போது என்னைப் பார்த்து விசில் அடித்துவிட்டது.

வெள்ளை விசில் அடித்தால் வெந்நீர் கொதிக்கிறது, அவ்வளவுதான். கறுப்பு அடித்தால்? அந்தக் கேள்வியை ஒரு குழந்தையின் வாயில் வைத்து, பக்கத்தில் காலங்காலமாக விசிலையும் அதற்கு மேலானதையும் கேட்டுக்கேட்டுப் பழகிய ஒரு கறுப்புப் பெண்ணின் உடம்பை நிறுத்துகிறார். ஜிஞ்சர் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு அந்தப் படத்தில்தான் புரிந்த மாதிரி இருந்தது. கறுப்புப் பெண்ணிடம் எந்த வெள்ளைக்காரன் எப்படி நடந்துகொண்டாலும் ஜூரி தண்டித்தது அபூர்வம். அந்த வரலாறு முழுவதும் பேசாமல் பக்கத்தில் நிற்கிறது. வெறும் கார்ட்டூனாக, ஜிஞ்சர் இல்லாமல், அந்தக் கெட்டில் ஜோக்கைப் போட்டிருந்தால் பாதிதான் வேலை செய்திருக்கும்.

இதற்காக ஓர்ம்ஸைத் தலையில் தூக்கிவைத்து ஆடவேண்டியதில்லை. ஜிஞ்சரின் முடி நேராக்கப்பட்ட முடி. மூக்கு, உதடு, இடுப்பு எல்லாம் எல்வ்கிரனின் அளவுகோலுக்குப் பக்கத்தில் வருகிறவை. வீடு வசதியான வீடு. அதே காலத்துக் கறுப்பர் பத்திரிகைகளில் சருமத்தை வெளுப்பாக்கும் களிம்பு விளம்பரங்கள் வரிசையாக வரும். அந்த விளம்பரங்களோடு ஜிஞ்சர் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஆன்ட் ஜெமைமாவைத் துரத்திய அவசரத்தில், பருத்த, நல்ல கறுப்பான, கை காய்ப்பேறிய பெண்ணும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். அவளையும் அழகி என்று நிறுத்துகிற படம் ஓர்ம்ஸிடம் நான் பார்த்தவரை இல்லை. தோழரின் கேள்வியில் மிஞ்சுகிற நியாயம் இதுதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

1956-இல் ஓர்ம்ஸ் தொடரை நிறுத்தினார். மூட்டுவாதம் கையைப் பிடித்துக்கொண்டது. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி 287 பக்கக் கோப்பு சேர்த்து வைத்திருந்தது. 1985-இல் இறந்தார்.

டார்ச்சிக்கு அவர் எந்தப் பழுப்பைப் பூசினார், எவ்வளவு கறுப்பைத் துணிந்தார் என்று பார்க்க ஆசைப்பட்டேன். என்னிடமிருக்கிற ஜெராக்ஸ் தாள்கள் உதவாது. பழைய பத்திரிகைகளைக் கறுப்பு வெள்ளை நுண்படச் சுருளில் பதிந்து வைத்தபோது வண்ணம் போய்விட்டது. வண்ணத்தோடு தப்பிய பக்கங்கள் கொஞ்சம் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன, கோல்ட்ஸ்டைனின் புத்தகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம். அந்தப் புத்தகம் கைக்கு வந்ததும் வட்டத்துக்கு எடுத்து வருவதாகத் தோழரிடம் சொல்லியிருக்கிறேன்.