ஸ்ரீவள்ளி: திரைக்கு வராத தர்க்கம்

ஏ.வி.மெய்யப்பன் தயாரித்து 1945-இல் வெளியிட்ட 'ஸ்ரீவள்ளி' படத்தை அண்மையில் கண்டேன். திரைக்கலை ஆய்வு எனது துறையன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்துப் பழகியவன் என்ற அளவிலேயே இதனை எழுதுகிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடையில் நிலைபெறச் செய்த இசை நாடகம் இது. அதன் ஆர்மோனியமும் இந்துஸ்தானி மெட்டுகளும் பார்சி நாடகக் குழுக்கள் வழியே தமிழ் மேடைக்கு வந்தவை. பார்சி மேடைக்கோ, இலக்னோவில் ஆகா ஹசன் அமானத் உருதுவில் இயற்றிய 'இந்தர் சபா' முன்னோடிகளுள் ஒன்று. வேலனின் காதலைப் பாடும் குரலில் இலக்னோவின் சாயல் கலந்திருப்பதை நம் கேள்வி ஞானம் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

'இந்தர் சபா' 1932-இல் படமானபோது ஏறத்தாழ எழுபது பாடல்களோடு வந்தது. ஸ்ரீவள்ளி அவ்வளவையும் சுமக்கவில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்டது. டி.ஆர்.மகாலிங்கம் உச்சத்தில் நின்று பாடும் இடங்களைக் கேட்டால் அந்தத் தேர்வைக் குறை சொல்ல மனம் வராது.

விடுபட்டது தர்க்கம். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியே பேசி அழைக்கப்படுகிறவர்கள், ஒத்திகை கிடையாது. நாரதரும் வள்ளியும் அன்றிரவுதான் முதன்முதலாகச் சந்திக்கவும் கூடும். தினைப்புனத்தில் நாரதர் கேள்வியைத் தொடுப்பார். புராணம், சிலேடை, ஊர்வம்பு எல்லாம் வரும். வள்ளி அந்தக் கணத்திலேயே விடை சொல்லியாக வேண்டும். கம்பங்காட்டில் கவண் சுழற்றிக் குருவி விரட்டிய பெண்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். பாட்டு இனித்தும் பதில் சோர்ந்தால் அவர்கள் முகத்திலேயே தீர்ப்புத் தெரிந்துவிடும். ஓர் ஆணின் வாதத்தை ஒரு பெண் ஊரார் நடுவே, எழுதித் தராத சொற்களால் மடக்குகிற இடம் இது. எனக்கு நாடகத்தின் உயிரே இதுதான்.

படத்தின் வள்ளிக்கு வசனம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. குரலும் அவளுடையதன்று: ருக்மிணியின் பாட்டுக்குப் பதிலாகப் பி.ஏ.பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. பெரியநாயகி அருமையாகப் பாடியிருக்கிறார், செவிக்கு நட்டமில்லை. ஆனால் எங்கள் மேடையில் வள்ளிக்குத் தொண்டை கட்டினால், கட்டிய தொண்டையோடுதான் அவள் வாதாடுவாள். அதனாலேயே அவள் வென்றால் அது அவளது வெற்றி.

மகாலிங்கத்தைக் கேட்க விரும்புவோர் படத்தைப் பார்க்கலாம். வள்ளி என்ன பதில் சொன்னாள் என்று அறிய விரும்புவோர் பங்குனிப் பொங்கல் நாள்களில் இரவு பத்து மணிக்கு முன்பே பாயோடு வந்து இடம் பிடிக்க வேண்டும்.